வாட்டுக் கணக்கும் வீட்டுக் கணக்கும்

என் சகலை வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். திருச்சியில் சொந்த வீடு. ஓய்வுக்குப் பின் வந்த பணத்தில் ஒரு பகுதியை, அக்காவுக்குத் தெரிந்தேதான், பாட்டுக்கென்று ஒதுக்கிவைத்தார். "இதுவரை மாற்றியது போதும். இனி ஒரே ஒரு ஆம்ப்ளிஃபயர். அதற்கப்புறம் நான் கடைப் பக்கமே போக மாட்டேன்" என்றார். அன்று தொடங்கியது என் தலைவலி. மூன்று மாதமாக நாள் தவறாமல் தொலைபேசி. திங்கட்கிழமை நார்வே, செவ்வாய்க்கிழமை ஜப்பான், வெள்ளிக்கிழமை அமெரிக்கா என்று மனம் மாறிக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு நாள் சலித்துப்போய்க் கேட்டார்: "தம்பி, ஒருவன் 300 வாட் தருகிறான். இன்னொருவன் 50 வாட் தந்துவிட்டு அதைவிடக் கூடுதலாகக் கேட்கிறான். இது என்ன நியாயம்?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் போய்த்தான் இந்தக் கட்டுரை. அவரைப் போல லட்சக்கணக்கில் செலவழிக்கத் துணிந்து, எதை வாங்குவது என்று தெரியாமல் நிற்பவர்களுக்கும் பயன்படலாம்.

முதலில் அவரிடம் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். ஸ்பீக்கர் ஹார்பெத் காம்பாக்ட் 7. பி.பி.சி. ஆய்வுப் பிரிவிலிருந்து வந்த டட்லி ஹார்வுட் 1977-இல் தொடங்கிய ஆங்கிலேய நிறுவனத்தின் தயாரிப்பு. அறை பதினான்குக்குப் பன்னிரண்டு அடி, மொசைக் தரை, ஒரு பக்கம் முழுக்கப் புத்தக அலமாரி. ஏறக்குறைய நானூறு இசைத்தட்டுகள். வானொலிக் கச்சேரிகளைப் பதிவு செய்த பழைய கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றி வைத்திருக்கிறார். பெரும்பாலும் நாதஸ்வரமும் வீணையும். ஸ்பீக்கரை மாற்றும் எண்ணம் இல்லை. இந்தக் கடைசி வாக்கியம்தான் முக்கியம். ஸ்பீக்கர் முடிவாகாமல் ஆம்ப்ளிஃபயர் பார்ப்பது, பெண் யாரென்றே தெரியாமல் ஜாதகப் பொருத்தம் பார்ப்பது போல.

அவருடைய பட்டியலில் ஐந்து பெயர்கள் இருந்தன. எல்லாமே இன்டக்ரேட்டட் வகை. அதாவது ஒலியளவைக் கட்டுப்படுத்தும் முன்பெருக்கியும் ஸ்பீக்கரை இயக்கும் பவர் ஆம்ப்ளிஃபயரும் ஒரே பெட்டிக்குள். ஜப்பானின் யோகோஹாமாவில் 1972-இல் தொடங்கிய அக்யூஃபேஸின் ஈ-800. அதே நாட்டின் லக்ஸ்மன் எல்-509இசட். ஆஸ்லோவைச் சேர்ந்த ஹேகலின் எச்590. நியூயார்க் மாநிலத்தின் பிங்காம்டன் நகரில் உருவாகும் மெக்கின்டாஷ் எம்ஏ352. கடைசியாக, அவருடைய மகன் சொல்லிச் சேர்த்த என்.ஏ.டி. எம்33.

காகிதத்தில் பார்த்தால் ஹேகல் எளிதாக வென்றுவிடும். 8 ஓம் (ஓம் என்பது மின்தடையின் அளவு) ஸ்பீக்கருக்கு, இடம் வலம் என்ற இரண்டு சேனல்களில் ஒவ்வொன்றுக்கும் 301 வாட். மெக்கின்டாஷும் என்.ஏ.டி.யும் 200. லக்ஸ்மன் 120. அக்யூஃபேஸ் வெறும் 50. எடையில் பட்டியல் தலைகீழாகிறது. அந்த 50 வாட் அக்யூஃபேஸ் 36 கிலோ; 200 வாட் என்.ஏ.டி. பத்து கிலோவைக்கூடத் தொடவில்லை. இந்த முரணைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

அக்யூஃபேஸ் ஈ-800 'கிளாஸ் ஏ' முறையில் இயங்குவது. இசை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதன் டிரான்சிஸ்டர்களில் எப்போதும் முழு மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். அலையின் மேல் பாதியை ஒரு டிரான்சிஸ்டரும் கீழ்ப் பாதியை இன்னொன்றும் சுமப்பதுதான் வழக்கமான 'கிளாஸ் ஏபி'. ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு மாறும் இடத்தில் சின்னத் தடுமாற்றம் வரும். மெல்லிய ஒலியில் அது உறுத்தக்கூடும். கிளாஸ் ஏ-யில் இருவரும் எந்நேரமும் சேர்ந்தே சுமப்பதால் கை மாறும் பேச்சே இல்லை. அதற்கு விலை, வெப்பம். எம்33 மறு கோடியில் நிற்கிறது. அதிலிருப்பது கிளாஸ் டி வகையைச் சேர்ந்த, டென்மார்க்கின் பியூரிஃபை நிறுவனத்தின் 'ஐகன்டாக்ட்' சுற்று. டிரான்சிஸ்டர்கள் நொடிக்குப் பல லட்சம் முறை திறந்து மூடுகின்றன. வெப்பமாக வீணாவது மிகக் குறைவு. ஆகவே பெரிய உலோகத் தகடுகளும் கனமான டிரான்ஸ்ஃபார்மரும் அதற்குத் தேவைப்படவில்லை. எடையை வைத்துத் தரம் சொல்லும் காலம் மலையேறிவிட்டது என்பதை எங்கள் வயதுக்காரர்கள் ஒப்புக்கொள்ள மறுக்கிறோம்.

இப்போது வாட்டுக்கு வருவோம். காம்பாக்ட் 7-இன் உணர்திறன் 86 டெசிபல் (டெசிபல் என்பது சத்தத்தின் அளவுகோல்). ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி அந்த அளவு ஒலிக்கும் என்று பொருள். சகலையின் சாய்வு நாற்காலி ஸ்பீக்கரிலிருந்து சுமார் மூன்று மீட்டர். அந்தத் தூரத்தில் ஒன்பதரை டெசிபல் குறையும். ஸ்பீக்கர் இரண்டு இருப்பதால் மூன்று கூடும். சுவரும் தரையும் திருப்பி அனுப்புவது இன்னும் இரண்டு மூன்றைச் சேர்க்கும். ஆக, ஒரு வாட்டுக்கு அவர் காதில் விழுவது ஏறக்குறைய 82 டெசிபல். அவர் மாலை வேளையில் கேட்கும் அளவு 75-ஐத் தாண்டாது. அதற்குக் கால் வாட் கூட வேண்டியதில்லை.

அவர் நம்பவில்லை. "தவில் இருக்கிறதே?" என்றார். சரி, தவிலையே எடுத்துக்கொள்வோம். ஓங்கி ஓர் அடி விழும்போது சராசரியைவிட 20 டெசிபல் எழும்பட்டும், 95 ஆகிறது. அந்த நொடிக்குத் தேவை 20 வாட். அக்யூஃபேஸின் 50 வாட் அவர் நாற்காலியில் 99 டெசிபல் வரை போகும். ஹேகலின் 301 வாட் 107 வரை போகும். ஆறு மடங்கு வாட்டுக்குக் கிடைக்கும் வித்தியாசம் எட்டு டெசிபல். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகப் படவே பத்து டெசிபல் வேண்டும். பன்னிரண்டு அடி அகல அறையில் 107 டெசிபலில் தவில் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவதற்கு முன்னால் அக்கா வந்துவிடுவார்.

இதே கணக்கு இன்னொரு வீட்டில் வேறு மாதிரி வரும். ஹார்பெத்தின் சின்ன ஸ்பீக்கரான பி3ஈஎஸ்ஆர்-இன் உணர்திறன் 83.5. அதற்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு வாட் தேவை. கிளிப்ஷ் லா ஸ்காலா போன்ற ஹார்ன் ஸ்பீக்கருக்கு 105. அங்கே ஒரு வாட்டே ஊரைக் கூட்டும். அவர்கள் கவலைப்பட வேண்டியது ஆம்ப்ளிஃபயரின் சீறலைப் பற்றி, வாட்டைப் பற்றி அன்று. பெட்டியில் 8 ஓம் என்று அச்சடித்திருந்தாலும் தாழ்ந்த ஸ்வரங்களில் 3 ஓம் வரை இறங்கும் பெரிய ஸ்பீக்கர்களும் உண்டு. அப்படிப்பட்டதை வைத்திருப்பவர் பார்க்க வேண்டியது 8 ஓமுக்கான வாட்டையன்று. 4 ஓமில் அது எவ்வளவு கூடுகிறது என்பதை. அக்யூஃபேஸ் 50-இலிருந்து 100-க்குச் சரியாக இரட்டிக்கிறது. லக்ஸ்மன் 120-இலிருந்து 220. எம்ஏ352 200-இலிருந்து 320. இரட்டிப்பது மின்வழங்கி தாராளமானது என்பதற்கு அடையாளம். மெக்கின்டாஷின் பெரிய எம்ஏ12000 மட்டும் இந்தக் கணக்கில் சேராது. அதில் வெளியீட்டுக்கென்று தனி டிரான்ஸ்ஃபார்மர் இருப்பதால் 2, 4, 8 ஓம் எதுவானாலும் 350 வாட்தான். ஆனால் 49 கிலோ. சகலை வீட்டு மாடிப்படியை நினைத்ததும் அதைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டோம்.

வாட்டுக்கு அடுத்து விற்பனையாளர்கள் நீட்டும் எண் 'டாம்பிங் ஃபேக்டர்'. ஸ்பீக்கரின் கூம்பை ஆம்ப்ளிஃபயர் எவ்வளவு இறுக்கமாகப் பிடித்து நிறுத்துகிறது என்பதற்கான அளவு. ஹேகல் எச்590-க்கு 4000-க்கு மேல் என்று சொல்கிறார்கள். அக்யூஃபேஸ் 1000. நான்கு மடங்கு உயர்ந்ததா? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். 4000 என்றால் ஆம்ப்ளிஃபயரின் உள்தடை 0.002 ஓம், 1000 என்றால் 0.008. சகலை வீட்டில் ஸ்பீக்கருக்குப் போவது 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, மூன்று மீட்டர். போய்த் திரும்ப ஆறு மீட்டர். அந்தக் கம்பியின் தடை மட்டும் 0.041 ஓம். கம்பியையும் சேர்த்தால் ஹேகலின் 4000 வெறும் 186 ஆகிறது. அக்யூஃபேஸின் 1000 வெறும் 163. கடைக்காரர் மேசையில் மலைபோல் நின்ற வித்தியாசம் அறுபது ரூபாய் மீட்டர் கம்பியில் கரைந்துபோகிறது. இதை நான் எழுதிக் காட்டியதும் சகலை கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெகுநேரம் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வங்கியில் கூட்டு வட்டிக் கணக்கில் பிழை கண்டுபிடித்தவர் முகம் அப்படித்தான் இருந்திருக்கும்.

இந்த எண்களை ஒதுக்கிவிட்டால் மிஞ்சுவது என்ன? அந்தப் பெட்டி வீட்டில் தினமும் என்ன வேலை செய்யப்போகிறது என்பது. இங்கேதான் ஐந்தும் நன்றாகப் பிரிகின்றன.

சகலைக்கு இசைத்தட்டு முக்கியம். ஹேகலில் போனோ உள்ளீடு, அதாவது இசைத்தட்டு ஊசியின் மெல்லிய சமிக்ஞையை வாங்கிப் பெருக்கும் வழி, கிடையாது. தனிப் பெட்டி வாங்க வேண்டும். ஆனால் டிஜிட்டல் இசையை ஒலிச் சமிக்ஞையாக மாற்றும் டாக் உள்ளேயே இருக்கிறது. ஈ-800-இல் போனோவும் டாக்கும் தனி அட்டைகளாக வாங்கிச் செருக வேண்டியவை. எம்ஏ352-இல் இசைத்தட்டு ஊசியின் இரண்டு வகைகளில் 'மூவிங் மேக்னெட்' வகைக்கு மட்டும் இடம் உண்டு, டாக் இல்லை. லக்ஸ்மனில் இரண்டு வகை ஊசிக்கும் போனோ உண்டு, டாக் கிடையாது. எம்33-இல் எல்லாமே உண்டு, இணையவழி இசை உட்பட. கணினியில் பாட்டு வைத்திருக்கும் இருபத்தைந்து வயதுக்காரருக்கு ஹேகலோ எம்33-யோ. தட்டு வைத்திருக்கும் அறுபது வயதுக்காரருக்கு லக்ஸ்மன். இவ்வளவு சுருக்கமாகவே சொல்லிவிடலாம்.

அடுத்தது, தாழ்ந்த ஒலியையும் கூர்மையான ஒலியையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கும், பலரும் ஏளனமாகப் பார்க்கும் 'பாஸ்', 'ட்ரெபிள்' குமிழ்கள். உயர்ரக ஆம்ப்ளிஃபயரில் அவை இருக்கவே கூடாது என்று ஒரு கூட்டம் வாதாடும். ஒலி வழியில் குறுக்கீடாம். அந்தக் கூட்டத்தார் யாரும் மைக்குக்கு ஓர் அடி முன்னால் நாதஸ்வரத்தை நிறுத்திப் பதிவு செய்த பழைய வானொலிக் கச்சேரியைக் கேட்டிருக்க மாட்டார்கள். கம்பீரமான அந்தக் குழல் காதைக் கீறும். ட்ரெபிளை இரண்டு புள்ளி இறக்கினால் சுகமாக உட்கார்ந்து கேட்கலாம். ஹேகலில் அந்த வசதி இல்லை. லக்ஸ்மனிலும் அக்யூஃபேஸிலும் உண்டு. அக்யூஃபேஸில் மோனோ பொத்தானும் இருப்பதால், பழைய மோனோ தட்டின் கரகரப்பில் பாதி அடங்கிவிடும். எம்ஏ352-இல் ஒலியை ஐந்து பட்டைகளாகப் பிரித்துத் திருத்தலாம். என்னைக் கேட்டால், நல்ல பதிவுகளை மட்டும் கேட்பவருக்குத்தான் குமிழ் வேண்டாம். தனக்குப் பிடித்ததைக் கேட்பவருக்கு வேண்டும்.

எம்33-இன் பலம் இன்னொன்று: டிராக் லைவ். கூடவே வரும் மைக்கை அறையில் அங்கங்கே வைத்து அளந்து, அறை செய்யும் கோளாறை அது திருத்தித் தரும். மொசைக் தரையும் வெறுஞ்சுவரும் உள்ள நம் வீடுகளில் தாழ்ந்த ஒலிகள் மூலைகளில் தேங்கி முழங்குவது வழக்கம். மிருதங்கத்தின் இடந்தலை 'தொம்' என்று முடியாமல் 'தொம்ம்ம்' என்று இழுக்கும். 36 கிலோ கிளாஸ் ஏ ஆம்ப்ளிஃபயரால் அதைத் தொடவே முடியாது. 2020-இல் ஐயாயிரம் டாலர் அளவில் வந்த எம்33, பதினோராயிரம் டாலரில் வந்த எச்590-ஆல் முடியாத ஒன்றை இங்கே செய்துவிடுகிறது. சகலை வீட்டில் புத்தகச் சுவர் அந்த வேலையில் பாதியைத் தானே செய்துவிடுவதால் இது அவருக்கு அவ்வளவாகத் தேவைப்படவில்லை. புத்தகம் வாங்காதவர்கள் எம்33-ஐக் கேட்டுப் பார்க்கலாம். மகன் சொன்னதைத் தட்டியதற்கு உண்மைக் காரணம் வேறு: அதன் முகப்பு ஒரு தொடுதிரை. "திரையைப் பார்க்கக் கூடாது என்றுதான் பாட்டுக் கேட்கிறேன்" என்றுவிட்டார்.

வெப்பத்தை வடநாட்டு, வெளிநாட்டு விமர்சகர்கள் ஒரு வரியில் கடந்துவிடுவார்கள். திருச்சியில் முடியாது. ஈ-800 அளவுள்ள கிளாஸ் ஏ கருவி சும்மா இருக்கும்போதே 150 வாட்டுக்கு மேல் சூடாக்கித் தள்ளும் என்று வையுங்கள். தினம் நான்கு மணி நேரம் என்றால் இரண்டு மாத மின்கட்டணத்தில் 36 யூனிட். பணமாகப் பார்த்தால் பெரிதில்லை. ஆனால் சித்திரை மாதத்தில் மூடிய அறைக்குள் ஒரு சின்ன ஹீட்டரை வைத்துக்கொண்டு, அது விடும் சூட்டை வெளியேற்ற ஏ.சி.யை ஓட்டி, அந்த ஏ.சி.யின் இரைச்சலுக்கு மேலே வீணையின் மெல்லிய கமகத்தைத் தேடுவது என்ன சுகம்? கிளாஸ் ஏ-யின் நுணுக்கமெல்லாம் அந்த இரைச்சலுக்குக் கீழேதான் கிடக்கிறது.

பல்லியையும் சொல்லிவிட வேண்டும். மேல்மூடியில் துளையுள்ள சூடான பெட்டி மார்கழியில் பல்லிக்கு மெத்தை. எனக்குத் தெரிந்த ஒருவர் வீட்டில் ஒன்று உள்ளே இறங்கி, இரண்டு முனைகளுக்கு நடுவே கால் வைத்துத் தானும் போய் ஃபியூஸையும் கொண்டுபோனது. மெல்லிய எஃகு வலை ஒன்றைத் துளைகளுக்கு மேலே, காற்றோட்டம் தடைபடாமல் அரை அங்குலம் உயர்த்தி வைத்தால் போதும்.

இன்னொரு கண்ணியும் உண்டு. ஜப்பானிலிருந்து யாராவது வரும்போது கொண்டுவரச் சொன்னால் அக்யூஃபேஸும் லக்ஸ்மனும் மலிவாகக் கிடைக்கும். ஜப்பான் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், நம்முடையது 230. பின்பக்கத்தில் 100 என்று சின்னதாக அச்சிட்டிருப்பதைப் பார்க்காமல் செருகிய நண்பர் ஒருவரின் வீட்டில் ஒரு வாரம் வரை கருகிய வார்னிஷ் வாடை போகவில்லை. பெரிய ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டலாம்தான். அது தன் பங்குக்கு உறுமும். உத்தரவாதமும் இங்கே செல்லாது. சுங்க வரி கட்டி முறையாக வந்ததை, 230 வோல்ட்டுக்கென்று செய்ததை வாங்குவதே நல்லது. மின்வெட்டின்போது மலிவு இன்வெர்ட்டரில் இவற்றை ஓட்ட வேண்டாம். அது தரும் கரடுமுரடான அலையில் டிரான்ஸ்ஃபார்மர் வண்டுபோல் முரலும். ஐப்பசி இடிமழையில் பிளக்கைப் பிடுங்கிவிடுவதைவிடச் சிறந்த பாதுகாப்புக் கருவியை நான் இன்னும் பார்க்கவில்லை.

"இதெல்லாம் சரி, ஓசை?" என்று கேட்பீர்கள். சகலையும் கேட்டார். ஓசையில் வித்தியாசம் இல்லை என்று நான் சொல்லவில்லை. நாம் நினைப்பதைவிடச் சிறியது என்கிறேன். 1985-இல் பாப் கார்வர் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர், ஸ்டீரியோஃபைல் பத்திரிகையின் ஆசிரியர்களிடம் ஒரு சவால் விட்டார். அவர்கள் மெச்சும் ஆம்ப்ளிஃபயர் எதுவானாலும் அதன் ஓசையைத் தன்னுடைய விலை குறைந்த ஆம்ப்ளிஃபயரில் 48 மணி நேரத்துக்குள் கொண்டுவருவதாக. அவர்கள் டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய்களால் இயங்கும், விலையுயர்ந்த வால்வு ஆம்ப்ளிஃபயர் ஒன்றைக் கொடுத்தார்கள். அவர் இரண்டின் வெளியீட்டையும் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கும்படி இணைத்து, மிஞ்சும் ஓசை ஏறக்குறைய மறையும்வரை தன் சுற்றைத் திருத்திக்கொண்டே போனார். முடிவில் ஆசிரியர்களால் எது எது என்று சொல்ல முடியவில்லை. வால்வின் 'இனிமை' என்று போற்றப்பட்டதில் பெரும்பகுதி அதன் வெளியீட்டு உள்தடை ஸ்பீக்கரோடு சேர்ந்து ஒலியின் மேடுபள்ளங்களை மாற்றுவதுதான்.

ஆகவே கடைக்குப் போகும்போது சகலையிடம் மின்னழுத்தம் அளக்கும் நூற்றைம்பது ரூபாய் மல்டிமீட்டர் ஒன்றைக் கொடுத்தனுப்பினேன். அரை டெசிபல் கூடுதலாக ஒலிப்பது காதுக்கு 'கூடுதல் தெளிவு' என்றே படும், 'கூடுதல் சத்தம்' என்று படாது. சென்னையில் அவர் கேட்ட இடத்தில் லக்ஸ்மனும் ஹேகலும் இருந்தன. அவருடைய அதே மாடல் ஸ்பீக்கரும் இருந்தது. சோதனைச் சுரத்தை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் மின்னழுத்தம் இரண்டுக்கும் ஒன்றாகும்படி ஒலியளவைச் சரிசெய்யச் சொல்லியிருந்தேன். கடைப்பையன் முதலில் சிரித்தானாம். பிறகு அவனே ஆர்வமாகிப் பிடித்துக்கொண்டானாம். சரிசெய்வதற்கு முன் ஹேகல் 'திரை விலகியது போல' இருந்தது. சரிசெய்த பின் இரண்டும் அண்ணன் தம்பிபோல் ஆகிவிட்டன. அவர் கொண்டுபோன வீணைத் தட்டில் மட்டும் மந்தர ஸ்தாயியில் ஹேகல் சற்று இறுக்கமாகப் பிடிப்பதாகத் தோன்றியதாம். "ஆனால் சத்தியம் செய்ய மாட்டேன்" என்றார். அந்த நேர்மைக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

அக்யூஃபேஸைக் கடைசிவரை மறக்க முடியவில்லை அவரால். எனக்கும்தான். அதன் ஒலிக்குமிழைத் திருப்பும்போது விரலுக்குக் கிடைக்கும் வழவழப்பு வேறெதிலும் இல்லை. உள்ளே வழக்கமான மின்தடைப் பட்டையும் இல்லை; ஒலிச் சமிக்ஞையை வெவ்வேறு அளவுள்ள பதினாறு மின்னோட்டங்களாகப் பிரித்து, வேண்டியதை மட்டும் கூட்டும் முறை. ஒலியை மிகத் தாழ்த்தினாலும் இடமும் வலமும் பிசகாது. கொடைக்கானலில் வீடிருந்தால் அதையே வாங்கச் சொல்லியிருப்பேன். மெக்கின்டாஷின் நீல மீட்டர்களுக்கும் ஒரு கவர்ச்சி உண்டு. ஆனால் அதன் முன்பெருக்கியிலுள்ள வால்வுகளை மாற்ற வேண்டிய நாளில் அவருக்கு எழுபது வயது தாண்டியிருக்கும். பெரிய, 4 ஓமுக்குக் கீழே இறங்கும் ஸ்பீக்கர் இருந்தால் யோசிக்காமல் ஹேகல் என்றிருப்பேன்.

லக்ஸ்மன் முடிவானது. 1925-இல் ஒசாகாவில் படச்சட்டம் விற்ற கடையொன்றின் வானொலிப் பிரிவாகத் தொடங்கிய நிறுவனம் அது என்று சொன்னேன். நம்மூரில் சாமி படக்கடையில் ரேடியோ விற்பது போல என்று ரசித்தார்.

போன வாரம் அலமாரிக்கு அளவெடுக்கத் தச்சர் வந்திருந்தார். அகலம் 44 சென்டிமீட்டர், ஆழம் 46, பின்னால் கம்பிகளுக்குக் கை நுழைய இடம், மேலே ஒரு சாண் காற்று, கண்ணாடிக் கதவு வேண்டவே வேண்டாம் என்று சகலை வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். தச்சர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு எடை எவ்வளவு என்று கேட்டார். முப்பது கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி என்றதும் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "கிரைண்டரை எதற்கு சார் ஹாலில் வைக்கிறீர்கள்?"